ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: ஒரு சுங்கப் பாலம் கற்றுத்தரும் கணக்குப் பாடம்



2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதையடுத்துப் பெய்த பெருமழையில் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, திறந்து மூன்று மாதமே ஆகியிருந்த பாலம் அந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. அந்த வாரத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

நம் திருக்கோவிலூர் ஆற்றின் தென்கரை. இரயில் நிலையமும், ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் உள்ள அரகண்டநல்லூரும் வடகரை. 2019-இல் மாவட்டம் பிரிந்த பிறகு இக்கரை கள்ளக்குறிச்சி மாவட்டம், அக்கரை விழுப்புரம் மாவட்டம் என்றாகிவிட்டது. ஆனால் மணிலாவுக்கும் உளுந்துக்கும் எள்ளுக்கும் மாவட்ட எல்லை தெரியாது. காலையில் அக்கரையில் ஏலம் எடுத்த சரக்கு மதியம் இக்கரைக் கிடங்குக்கு வந்தாக வேண்டும். கடைச் சிப்பந்திகள், பள்ளிப் பிள்ளைகள், இரயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் தினமும் ஆற்றைக் கடக்கிறவர்கள். பெருவெள்ளம் வரும்போதெல்லாம் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போகும், வண்டிகள் சுற்றிப் போகும், வாடகை ஏறும், கூலி ஆட்கள் வந்து சேர மாட்டார்கள்.

அந்த வெள்ளத்திற்குப் பிறகு வணிகர்கள் சிலர் கூடிப் பேசியபோது ஓர் இளம் வணிகர் எழுந்து, "அரசாங்கத்தை எதிர்பார்த்து ஏன் காத்திருக்க வேண்டும்? தனியார் எவரேனும் நல்ல பாலமாகக் கட்டட்டும். போக வர சுங்கம் கொடுத்துவிட்டுப் போகிறோம். சுற்றிப் போகிற டீசலை விட அது குறைச்சல்தானே" என்றார். பலர் தலையசைத்தார்கள். நாமும் முதலில் தலையசைத்தோம். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், சுங்கம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்டோமே தவிர, எத்தனை ஆண்டுக்கு, எந்தக் கணக்கில் என்று ஒருவரும் கேட்கவில்லை என்பது தோன்றியது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்ட ஒரு பெரிய ஊரின் கதையை இக்கட்டுரையில் பார்ப்போம்.

சுங்கம் என்பது என்ன?

ஆற்றைக் கடக்கக் காசு கொடுப்பது புதிதல்ல. பாலம் இல்லாத காலத்தில் ஓடத்துக்கும் பரிசலுக்கும் கூலி கொடுத்தார்கள். பிறகு உள்ளாட்சி மன்றங்கள் சாலைகளில் சுங்கச் சாவடி வைத்து வண்டிக்கு இவ்வளவு என்று வாங்கின. 1931-இல் சென்னை மாகாணத்தில் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தபோது அந்தச் சுங்கம் கைவிடப்பட்டு, அதற்கு ஈடாக வாகன வரியிலிருந்து உள்ளாட்சிகளுக்குப் பணம் தரும் ஏற்பாடு செய்யப்பட்டது. அதாவது வாகன வரி என்பதே ஒருவகையில் சுங்கத்துக்குப் பதிலாக வந்ததுதான்.

1990-களில் அரசுகளிடம் பணம் போதவில்லை. "நீ கட்டு, நீ நடத்து, முதல் எடுத்த பின் எங்களிடம் ஒப்படை" என்று தனியாரை அழைக்கும் முறை வந்தது. நம் மாநிலத்திலும் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் கோவை ஆத்துப்பாலத்தில் நொய்யலுக்கும், கரூரில் அமராவதிக்கும் இப்படிப் பாலம் கட்டிச் சுங்கம் வசூலிக்கும் ஏற்பாடுகள் செய்யப்பட்டன.

இந்த முறையில் நாம் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் மூன்று பங்கு இருக்கிறது. ஒன்று, பாலம் கட்டிய முதல். இரண்டு, பராமரிப்பு மற்றும் வசூல் செலவு. மூன்று, முதல் போட்டவருக்கு ஆதாயம். மூன்றும் நியாயமானவையே. கடை வைத்திருக்கும் நாம் ஆதாயத்தைக் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் மூன்றாவது பங்கை எப்படி எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

யமுனையின் மேல் ஒரு பாலம்

டெல்லிக்குக் கிழக்கே யமுனையின் அக்கரையில் உத்தரப்பிரதேசத்தின் நொய்டா நகரம் இருக்கிறது. 1976-இல் தொழில் நகரமாகத் தொடங்கப்பட்டது. காலையில் அங்கிருந்து டெல்லிக்கும் டெல்லியிலிருந்து அங்கேயும் வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. இருந்த பாலங்களில் நெரிசல் தாங்கவில்லை.

1992 ஏப்ரலில் டெல்லி நிர்வாகம், நொய்டா ஆணையம், ஐ.எல்.எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனம் ஆகிய மூவரும் புதுப்பாலம் பற்றிப் புரிந்துணர்வு செய்துகொண்டனர். இதற்கென்றே 1996-இல் நொய்டா டோல் பிரிட்ஜ் கம்பெனி தொடங்கப்பட்டது. 1997 நவம்பர் 12-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2001 பிப்ரவரியில் எட்டுத் தடத்தில், சுமார் 9 கிலோமீட்டர் நீள அணுகு சாலைகளுடன் பாலம் திறக்கப்பட்டது. டி.என்.டி. என்று சுருக்கமாக அழைப்பார்கள். ஆன செலவு சுமார் 408 கோடி ரூபாய்.

பாலம் நல்ல பாலம். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். நெரிசலில் நின்றவர்கள் நிமிடங்களில் ஆற்றைக் கடந்தார்கள். சுங்கத்தை முணுமுணுக்காமல்தான் கொடுத்தார்கள். 2014 மார்ச் வரையிலான சுமார் 13 ஆண்டுகளில் சுங்க வசூல் மட்டும் 800 கோடி ரூபாயைத் தாண்டியது. கட்டிய செலவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சாதாரண மனிதர் என்ன நினைப்பார்? முதல் வந்துவிட்டது, பராமரிப்பும் கழிந்தது, ஆதாயமும் கிடைத்தது, இனிச் சுங்கம் குறையும் அல்லது நிற்கும் என்றுதான் நினைப்பார். ஆனால் ஒப்பந்தப்படி போட்ட கணக்கில் வரவேண்டிய பாக்கி 408 கோடியை விடக் குறையவில்லை. அதைப்போல் பல மடங்கு ஏறியிருந்தது!

எப்படி? ஒப்பந்தத்தில் ஒரு சூத்திரம் இருந்தது. கம்பெனிக்கு மொத்தச் செலவின் மேல் ஆண்டுக்கு 20 சதவீத ஆதாயம் உறுதி. ஓர் ஆண்டில் அந்த 20 சதவீதம் கிடைக்காவிட்டால், குறைந்த தொகை "மொத்தச் செலவில்" சேர்க்கப்படும். அடுத்த ஆண்டு அந்தப் பெரிய தொகையின் மேல் 20 சதவீதம். உரிமைக் காலம் 30 ஆண்டு. அதற்குள் முழுத் தொகையும் ஆதாயமும் வசூலாகாவிட்டால் காலம் நீளும்.

408 கோடியில் 20 சதவீதம் 81 கோடியே 60 லட்சம். செலவு போக ஆண்டு வசூலில் அவ்வளவு நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால், வண்டிகள் காசு கொடுத்துக்கொண்டே இருக்கும், பாக்கியும் ஏறிக்கொண்டே இருக்கும்.

ஒரு லட்ச ரூபாய்க் கணக்கு

கோடிக் கணக்கு கண்ணைக் கட்டும். நம் பேரேட்டுக்கு ஏற்ற ஒரு லட்சத்தில் போட்டுப் பார்ப்போம். முதல் 1,00,000 ரூபாய். ஆதாயம் 20 சதவீதம். நாம் ஆண்டுக்கு 10,000 ரூபாய் தவறாமல் கட்டுகிறோம். குறைவது முதலில் சேரும்.

முதல் ஆண்டு ஆதாயம் 20,000. கட்டியது 10,000. பாக்கி 1,10,000.
இரண்டாம் ஆண்டு ஆதாயம் 22,000. கட்டியது 10,000. பாக்கி 1,22,000.
மூன்றாம் ஆண்டு முடிவில் பாக்கி 1,36,400.
ஐந்தாம் ஆண்டு முடிவில் 1,74,416.
பத்தாம் ஆண்டு முடிவில் சுமார் 3,59,600.
பதினைந்தாம் ஆண்டு முடிவில் சுமார் 8,20,350.
முப்பதாம் ஆண்டு முடிவில் 1 கோடியே 19 லட்சத்துக்கு மேல்.

முப்பது ஆண்டில் நாம் கட்டியது 3 லட்சம். வாங்கியது 1 லட்சம். நிற்கும் பாக்கி 1 கோடியே 19 லட்சம்! இதில் எவரும் கள்ளக் கணக்கு எழுதவில்லை. ஒவ்வொரு ஆண்டுக் கணக்கும் பத்திரப்படி சரி. பத்திரம்தான் தவறு.

இதே கடனுக்கு ஆண்டுக்கு 20,000 கட்டினால் பாக்கி என்றைக்கும் ஒரு லட்சத்திலேயே நிற்கும். 25,000 கட்டினால் ஒன்பது ஆண்டில் தீர்ந்துவிடும். ஆகவே 10,000-க்கும் 25,000-க்கும் இடையே இருப்பது வெறும் 15,000 வித்தியாசம் அல்ல. ஒன்று தீராக் கடன், மற்றொன்று தீரும் கடன்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பராமரிப்புச் செலவும் அதே மொத்தச் செலவில்தான் சேர்கிறது. செலவைக் குறைத்தால் கம்பெனிக்குத் தனி இலாபம் இல்லை; கூட்டினால் நட்டமும் இல்லை. கடைச் செலவைக் குறைக்கவேண்டிய அவசியமே இல்லாத முதலாளியை நாம் பார்த்திருக்கிறோமா? அப்படிப்பட்ட நிலையை அந்தப் பத்திரம் உண்டாக்கியது.

எங்கள் கடையில் நடந்தது

இதை நாம் ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. 1988-இல் எங்கள் மண்டிக்குக் கிடங்கு கட்ட ஒருவரிடம் 50,000 ரூபாய் வாங்கினோம். ஆண்டுக்கு 18 சதவீதம். "முடிந்தபோது முடிந்ததைக் கட்டுங்கள், குறைந்தால் முதலோடு சேர்த்துக்கொள்ளலாம்" என்று பத்திரத்தில் இருந்தது. நல்ல மனிதர், நெருக்க மாட்டார் என்று மகிழ்ந்து கையெழுத்திட்டோம். மணிலா விலை சரிந்த ஆண்டுகளில் 5,000 ரூபாய் கட்டினோம். கட்டிவிட்டோம் என்ற நிம்மதியில் தூங்கினோம்.

நான்கு ஆண்டு கழித்து எங்கள் கணக்குப்பிள்ளை பேரேட்டை எடுத்துவந்து முன்னால் வைத்தார். தகப்பனார் காலத்தில் இருந்து எங்களோடு இருந்தவர். "தம்பி, இதுவரை 20,000 கட்டியிருக்கிறீர்கள். பாக்கி 70,800-க்கு மேல் நிற்கிறது. நாம் கடனைக் கட்டவில்லை தம்பி, கடனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறோம்" என்றார். அன்றிரவு வீட்டில் பேசினோம். மறுவாரம் வீட்டு நகைகளை விற்று அந்தக் கணக்கை முடித்தோம். பணம் கொடுத்தவரைக் குறை சொல்வதற்கில்லை. படிக்காமல் கையெழுத்திட்டது நாங்கள். அந்த நகைகளில் பாதி இன்றுவரை திரும்பி வரவில்லை.

நாங்கள் நகையை விற்றுத் தப்பினோம். ஒரு நகரமே அப்படிக் கையெழுத்திட்டால் எதை விற்றுத் தப்பும்? நொய்டா ஒப்பந்தத்தில் அதற்கும் ஒரு வழி எழுதியிருந்தது. சுங்கம் போதாவிட்டால் ஈடாக நிலத்தில் கட்டுமான உரிமை கேட்கலாம் என்பதே அது.

நீதிமன்றம் சொன்னது

2012-இல் நொய்டா குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டமைப்பு அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தது. கவனியுங்கள். வழக்குப் போட்டது பெரிய கட்சியல்ல, பெரிய கம்பெனியல்ல. தினமும் அந்தப் பாலத்தில் போய் வந்த சாதாரண மக்களின் சங்கம்.

2016 அக்டோபர் 26-இல் உயர் நீதிமன்றம் சுங்க வசூலை நிறுத்தியது. கம்பெனி உச்ச நீதிமன்றம் சென்றது. உச்ச நீதிமன்றம் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரைக் கொண்டு கணக்கைப் பார்க்கச் செய்தது. எட்டாண்டு கழித்து, 2024 டிசம்பர் 20-இல், மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. போட்டி டெண்டர் இல்லாமலே உரிமை கொடுக்கப்பட்டது என்றும், சுங்கம் விதிக்கும் அதிகாரத்தைக் கம்பெனியிடம் ஒப்படைத்ததில் நொய்டா ஆணையம் தன் வரம்பை மீறியது என்றும், அந்தச் சூத்திரப்படி செலவு என்றைக்கும் தீராது என்றும், கம்பெனி தன் முதலையும் போதிய இலாபத்தையும் ஏற்கெனவே எடுத்துவிட்டது என்றும் தீர்ப்பில் கூறப்பட்டது. 2016 அக்டோபரிலிருந்து அந்தப் பாலத்தில் சுங்கம் இல்லை.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தொடக்க ஆண்டுகளில் எதிர்பார்த்த அளவு வண்டிகள் அந்தப் பாலத்திற்கு வரவில்லை. முதல் போட்டவருக்கு அது உண்மையான கஷ்டம். அதற்கு ஏதோ ஒரு பாதுகாப்புக் கேட்டது தவறல்ல. ஆனால் வண்டி வரவில்லையென்றால் அந்த நட்டத்தில் முதல் போட்டவருக்கும் பங்கு இருக்க வேண்டும். நாம் வாங்கிப் போட்ட சரக்கு விலை இறங்கினால் அரசாங்கமா வந்து 20 சதவீதம் கொடுக்கிறது? நட்டமே இல்லாத வியாபாரத்துக்கு வியாபாரத்தின் இலாபம் கேட்பது முறையல்ல.

மற்ற ஊர்களில்

இலண்டன் மாநகருக்குக் கிழக்கே தேம்ஸ் நதியைக் கடக்க டார்ட்ஃபோர்டில் சுரங்கப்பாதை 1963-இல் வந்தது. 1991-இல் எலிசபெத் அரசியார் பெயரில் பெரிய பாலமும் வந்தது. தனியார் பொறுப்பேற்றபோது, 20 ஆண்டு அல்லது கடன் தீரும் நாள், எது முந்தியோ அத்துடன் உரிமை முடியும் என்று எழுதினார்கள். வண்டிகள் பெருகியதால் கடன் முன்னதாகவே தீர்ந்தது. ஆயினும் 2003 முதல் நெரிசலைக் கட்டுப்படுத்தும் கட்டணம் என்ற பெயரில் வசூல் தொடர்ந்தது. முடிவு நாள் எழுதியிருந்தால் மட்டும் போதாது, அந்த நாளுக்குப் பிறகு என்ன என்பதையும் எழுத வேண்டும் என்பது இதில் தெரிகிறது.

தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் வேறொரு வழி கண்டார்கள். 1998-இல் சாந்தியாகோ நகரிலிருந்து வால்பராய்சோ துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஏலம் விட்டபோது, "எத்தனை ஆண்டு வேண்டும்?" என்று கேட்கவில்லை. "இன்றைய மதிப்பில் மொத்தம் எவ்வளவு வசூலித்தால் உமக்குப் போதும்?" என்று கேட்டார்கள். குறைவாகக் கேட்டவருக்குச் சாலை. அந்தத் தொகை வசூலான நாளில் உரிமை முடியும். வண்டி அதிகம் வந்தால் சீக்கிரம் முடியும், குறைவாக வந்தால் சற்றுத் தாமதமாக முடியும். ஏலம் நமக்குத் தெரியாததா? விற்பனைக்கூடத்தில் மூட்டைக்கு விலை கேட்பதுபோல்தான். தொகை முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் எவரும் எவரையும் ஏமாற்ற இடமில்லை.

நம் கடைக் கணக்கில் சுங்கம்

"இதெல்லாம் அரசாங்கமும் கம்பெனியும் பார்க்க வேண்டியது, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். திருக்கோவிலூரிலிருந்து கோயம்பேட்டுக்குச் சரக்கு ஏற்றும் நம் வண்டிகள் விழுப்புரம் தாண்டியதும் விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று மூன்று சாவடிகளைக் கடக்கின்றன. ஆகவே சுங்கக் கணக்கு நம் கணக்கே.

சுங்கம் வண்டிக்கு விதிக்கப்படுகிறது, சரக்குக்கு அல்ல என்பதை மறக்கக் கூடாது. உதாரணத்திற்கு, போக வர 1,500 ரூபாய் சுங்கம் ஆகிறது என்று வைப்போம். 10 டன் ஏற்றினால் கிலோவுக்கு 15 காசு. 5 டன்னோடு போனால் 30 காசு. கிலோவுக்கு ஐம்பது காசு இலாபத்தில் வியாபாரம் செய்யும் நமக்கு இந்த 15 காசு சின்னதல்ல. பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து முழுவண்டி ஏற்றினால் அந்தக் காசு மிஞ்சும். சுங்கத்தை "இதரச் செலவு" என்று ஒரே வரியில் எழுதாமல் தனித் தலைப்பில் எழுதுங்கள். ஆண்டு முடிவில் பார்த்தால் தொகை எவ்வளவு என்று விளங்கும்.

சட்டம் தந்துள்ள சலுகைகளையும் பயன்படுத்த வேண்டும். தேசிய நெடுஞ்சாலைகளில் 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் இரு வழிக்கும் சேர்த்து ஒன்றரை மடங்கு கட்டணமே. ஒரே சாவடியை அடிக்கடி கடக்கும் வண்டிக்கு, ஐம்பது முறை செல்வதற்கான தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாதச் சீட்டு உண்டு. சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வசிப்பவரின் சொந்த உபயோக வண்டிக்குத் தனியாக உள்ளூர் மாதச் சீட்டும் உண்டு. 2025 ஆகஸ்டு 15-இல் 3,000 ரூபாய் விலையில் அறிமுகமான ஆண்டுச் சீட்டு சொந்த உபயோகக் கார், ஜீப், வேன்களுக்கு மட்டுமே. சரக்கு வண்டிக்கு இல்லை.

பாலத்துக்கு ஒரு தனிக் கணக்கும் உண்டு. தேசிய நெடுஞ்சாலைகளில் பாலம், மேம்பாலம் போன்றவற்றின் நீளத்தைப் பத்து மடங்காக எடுத்துக்கொண்டு கட்டணம் போடும் முறை இருந்தது. ஒரு கிலோமீட்டர் பாலம் பத்துக் கிலோமீட்டர் சாலைக்குச் சமம்! 2025 ஜூலையில் வந்த திருத்தத்தால், இத்தகைய கட்டுமானங்களே பெரும்பகுதியாக உள்ள இடங்களில் கட்டணம் பாதிவரை குறைய வழி ஏற்பட்டது. இன்னொரு திருத்தம் எதிர்ப்பக்கம் போனது. 2008-ஆம் ஆண்டு விதிகளில், முதல் வசூலான பிறகு கட்டணம் 40 சதவீதமாகக் குறைய வேண்டும் என்றிருந்தது. 2023-இல் அது மாற்றப்பட்டு, முழுக் கட்டணமே தொடர வழி செய்யப்பட்டது. விதிகள் இப்படி மாறும்போது படித்துப் பார்க்கிறவர் யார்? சங்கங்கள்தாம் பார்க்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

நம் ஆற்றிலோ வேறெங்கோ சுங்கப் பாலம் என்ற பேச்சு வந்தால், சம்மதம் சொல்லும் முன் சங்கத்தின் சார்பில் இவற்றை எழுத்தில் கேட்க வேண்டும்.

1. போட்டி டெண்டர் விடப்பட்டதா? எத்தனை பேர் கேட்டார்கள்?

2. கட்டும் செலவு என்று எழுதும் தொகையைச் சரிபார்ப்பவர் யார்? கம்பெனியே நியமித்தவரா, வெளியாளா?

3. ஆதாயம் எத்தனை சதவீதம்? ஓர் ஆண்டில் அது குறைந்தால் குறைவு முதலில் சேருமா? சேரும் என்றால் அங்கேயே பேச்சை நிறுத்தி, இந்தக் கட்டுரையின் ஒரு லட்ச ரூபாய்க் கணக்கை அவர்கள் முன் போட்டுக் காட்டுங்கள்.

4. பராமரிப்புச் செலவுக்கு உச்சவரம்பு உண்டா?

5. முடிவு நாள் எது? மொத்த வசூல் எவ்வளவு ஆனால் முடியும்? அதற்குப் பின் பாலம் யாருடையது?

6. ஆண்டுதோறும் வசூல் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பதைப் பாலத்தின் இரு கரையிலும் பலகையில் எழுதி வைப்பார்களா?

7. தினமும் கடக்கும் உள்ளூர் மக்களுக்கும், இரு சக்கர வாகனத்துக்கும், விவசாயி வண்டிக்கும் என்ன சலுகை? சுங்கம் கொடுக்க முடியாதவருக்கு வேறு வழி திறந்திருக்குமா?

8. வெள்ளத்தில் பாலம் சேதமானால் செலவு யாருடையது? சேதமான நாட்களின் வருமான இழப்பும் நம் தலையில் ஏறுமா?

எட்டாவது கேள்வி நொய்டாக்காரர்களை விட நமக்கே முக்கியம். தென்பெண்ணை எப்படி வரும் என்பதை 2024 டிசம்பரில் கண்ணால் பார்த்தவர்கள் நாம். புத்தம் புதிய பாலமும் போகக்கூடும் என்று தெரிந்த பிறகு, அந்த நட்டம் யாருடையது என்று எழுதாத பத்திரத்தில் கையெழுத்திடக் கூடாது.

அந்த இளம் வணிகருக்கு

அன்று எழுந்து பேசிய தம்பி சொன்னதில் தவறில்லை. பாலம் வேண்டும். சுற்றிப் போகும் டீசல் வீண். நோயாளியை ஏற்றிய வண்டி அக்கரையில் நிற்பதைப் பார்த்தவர்கள், காசு கொடுத்தாவது பாலம் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். பொதுப்பணத்தில் கட்டினாலும் அந்தப் பணம் நாம் கொடுக்கும் வரிதான். சுங்கத்தில் கட்டினாலும் நாம் கொடுப்பதுதான். எந்த வழியானாலும் கொடுப்பவர் நாமே. ஆகவே கணக்குக் கேட்கும் உரிமையும் நமதே.

நொய்டா மக்கள் 2001-இல் காசு கொடுக்கத் தொடங்கினார்கள். 2012-இல் வழக்குப் போட்டார்கள். 2016-இல் வசூல் நின்றது. 2024-இல்தான் கடைசித் தீர்ப்பு வந்தது. 1997-இல் அந்தப் பத்திரத்தைப் பகிரங்கமாக வைத்து, ஒரு கணக்குப்பிள்ளையை உட்காரவைத்துப் பத்து ஆண்டுக்குப் பாக்கியை எழுதச் சொல்லியிருந்தால், ஒரு பகல் பொழுதில் தெரிந்திருக்கும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள். ஆற்றின் மேல் போடும் பாலத்திற்கும் அது பொருந்தும். அடுத்த கூட்டத்திற்கு வரும்போது மேலே கண்ட எட்டுக் கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவருமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அந்தத் தம்பியும் அவசியம் வர வேண்டும். ஒரு லட்ச ரூபாய்க் கணக்கை அவரே பலகையில் போட்டுக் காட்டட்டும்.